பூட்டிய ஷெட்டுக்குள் மூன்று கவர்

முடிச்சூரில் நாங்கள் நான்கு வருஷம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அப்புறம்தான் வரும். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. மாடியில் இருந்த எங்களிடம் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. என் மனைவி டெங்கு காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளையும் படியேறி வந்து கஞ்சி கொடுத்தது அவர்தான். கஞ்சித் தூக்கை ஒரு துணிப்பைக்குள் வைத்து, அந்தத் துணிப்பையை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அந்த இரண்டு பையைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கீழே வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். ஷெட் என்றால் நாலு கம்பமும் தகரமும் அல்ல. கான்கிரீட் கூரை, ஜன்னல் இல்லாத மூன்று சுவர், முன்னால் இரும்பு ஷட்டர், ஷட்டருக்கு இரண்டு பூட்டு. வெயில் படாது, மழை படாது, காற்றுகூட உத்தரவு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். அதற்குள் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பின்னால் மடித்துவிடுகிற துணிக்கூரை. நம் நாட்டிலேயே கொஞ்ச வருஷம் தயாரித்துவிட்டு நிறுத்திய ரகம். நின்றது என்று சொல்கிறேனே தவிர, ஞாயிறு காலையும் எனக்கு ஷிஃப்ட் இருந்த முதல் ஐந்து மாதம் அதை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கவரைத்தான். அதுவும் ஒன்றில்லை, மூன்று.

உடம்பை ஒட்டி, அவர் மனைவியின் பழைய வாயில் ரகப் பருத்திப் புடவைகளைச் சேர்த்துத் தைத்த கவர். அதற்கு மேலே, அளவு கொடுத்து வரவழைத்த சாம்பல் நிறக் கவர். அதற்கும் மேலே நீலத் தார்ப்பாய், நாலு மூலையிலும் கயிறு.

"உள்ளதானே சார் நிக்குது. எதுக்கு மூணு?" என்று கேட்டேன்.

"தூசி."

"ஷட்டர் மூடியிருக்கே."

"பல்லி இருக்கே."

"பல்லி என்ன சார் பண்ணப்போகுது?"

"எச்சம் போடும் தம்பி. பெயின்ட்ட அப்படியே அரிச்சிடும். தார்ப்பாய் பல்லிக்கு. நடுவுல இருக்கிறது தூசிக்கு. புடவை எதுக்குன்னா, அந்த நடு கவர் வண்டிமேல ஒரசக்கூடாது பாருங்க, அதுக்கு."

காரணம் இல்லாமல் அவர் எதையும் செய்யமாட்டார். அதனாலேயே அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

எனக்கு அப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வண்டி கம்பெனியில் வேலை. பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன். வரிசையாக வருகிற வண்டிகளை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து, தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் மார்க்கரால் வட்டம் போடுவதுதான் என் பிழைப்பு. ஆகவே இந்த விஷயத்தில் என் வாய் சும்மா இருக்காது. மூடிய இடத்தில் நிற்கிற வண்டிக்குக் கவரே தேவையில்லை சார் என்றேன். போட்டே தீருவேன் என்றால் வண்டியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, காற்று புகுகிற மாதிரி மெல்லிய துணி ஒன்று போதும். தூசியோடு இருக்கிற வண்டிமேல் துணியைப் போட்டு இழுத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். தார்ப்பாய் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது புது வண்டிக்கு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கவர்களைக் கழற்றியிருந்தபோது நான் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து பானெட்மேல் அடித்துக் காட்டினேன். சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல். "சார், இது பல்லி போட்டதா, கவர் போட்டதா?" என்றேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்க்க விரலைக் கொண்டுபோனவர் தொடாமலே எடுத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போய்விட்டது. சரி, ஒருவழியாக மண்டையில் ஏறியது என்று சந்தோஷமாகப் படியேறினேன். அடுத்த ஞாயிறு பார்த்தால், வாயில் புடவைக்குப் பதிலாகக் குழந்தைகளைச் சுற்றுகிற ஃப்ளானல் துணியில் புதுக் கவர்.

"வாயில் துணி கொஞ்சம் மொரடு தம்பி. நீங்க சொன்னது கரெக்ட்" என்றார்.

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய?

ரிட்டையராகும்வரை அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. முப்பது வருஷம் அதைச் செய்த கண்ணுக்கு முழுசாக இருக்கிற எதையும் பார்க்கத் தெரியவில்லை. என் பைக்கை முதல்முதலில் பார்த்தபோதே "இடது பக்கம் கீழ விழுந்திருக்கு. ஈர ரோடு. ஒரு நாலு மாசம் இருக்குமா?" என்றார். சரியாக நாலு மாசம்தான். வீட்டுக்கு வந்தவர்களைவிட அவர்கள் வந்த வண்டியைத்தான் முதலில் விசாரிப்பார். டி.வி. ரிமோட்டுக்கு வாங்கி வந்த நாளே பிளாஸ்டிக் உறை. அது மங்கலாகி எண்ணே தெரியாமல், செய்தி பார்க்க உட்கார்ந்தவர் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருப்பார். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. "சேதம் சொல்லிட்டு வராது தம்பி" என்பார். இதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

இந்தக் காரையே அவர் முதலில் பார்த்தது ஒரு ஒர்க் ஷாப்பில்தானாம். முன்பக்கம் லேசாக நசுங்கி நின்றதை சர்வே பண்ணப் போனவர், எழுதி முடித்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். பல வருஷம் கழித்து அதன் சொந்தக்காரர் விற்கிறார் என்று காதில் விழுந்ததும் ரிட்டையர்மென்ட் பணத்தில் வாங்கிவிட்டார். ஓட்டிக்கொண்டு வந்த அன்று அவர் மனைவிக்கு டூட்டி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சாயங்காலம் மனைவி வீடு திரும்புவதற்குள் கார் போர்த்தப்பட்டுவிட்டது.

அவர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். ஆன்ட்டிக்கு அந்தக் காரில் ஒரே ஒரு முறை போகவேண்டும். "நகை கேக்கல, ஊர் சுத்தணும்னு கேக்கல. கூரையத் தொறந்துவிட்டு, காத்தாட சர்ச் வரைக்கும். ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது" என்பார். அதற்கு அவர் இல்லை என்று சொன்னதே இல்லை. அதுதான் கொடுமை. போலாம் போலாம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கும். தார்ப்பாயை அவிழ்த்து, மடித்து, அடுத்த கவரை உருவி, மடித்து, ஃப்ளானலை உருவி, அதை உதறாமல் மடித்து வைப்பார். பேட்டரி இறங்கக்கூடாது என்பதற்காகப் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவார். அந்தச் சத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கும். ஆன்ட்டி பட்டுப் புடவை கட்டி, வேதாகமப் பையைக் கையில் பிடித்து, ஷெட் வாசலில் நிற்பார். ஒன்பது மணிக்கு ஆராதனை. வண்டி தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது, கவரெல்லாம் கழன்றிருக்கிறது, ஆள் கட்டிய புடவையோடு நிற்கிறார். இவர் கடிகாரத்தைப் பார்த்து இன்ஜினை அணைத்து, ஃப்ளானலைப் போர்த்தி, நடு கவரைப் போர்த்தி, தார்ப்பாயைக் கட்டி, இரண்டு பூட்டையும் பூட்டி, "வாம்மா, லேட்டாகுது" என்று கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடப்பார். வாரம் தவறாமல். மாடியில் பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்க்கிற எனக்கு பிரஷ்ஷைத் தூக்கி எறியலாம் போல இருக்கும்.

சும்மா ஆசையாக இருந்தால்கூடப் போகிறது என்று விடலாம். ஆன்ட்டிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக வார்டில் நின்ற கால். ஆபரேஷன் பண்ணித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே, பண்ணிய பிறகு தரையில் உட்காரக்கூடாது, தாழ்வான சீட்டில் உட்காரக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அந்தக் காரின் சீட்டோ தரையிலிருந்து ஒரு சாண். ஆகவே ஆன்ட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ராத்திரி முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, காலையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு இறங்கிக்கொண்டு.

"சார்கிட்ட இதச் சொன்னீங்களா?" என்றேன் ஒருநாள்.

"சொன்னேனே. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, அவசரப்படாதேன்னாரு."

"ஆன்ட்டி, நீங்க ஆபரேஷன் பண்ணிக்குங்க. அந்த வண்டி என்ன பெரிய வண்டி?"

"தெரியும் தம்பி. ஆனா இவரு ஒருநாள், வா ஏறுன்னு சொல்லி, அன்னிக்கு என்னால ஏற முடியாமப் போச்சுன்னா?"

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கீழே போய் அவரைப் பிடித்தேன். அவர்களுடைய கல்யாண நாளன்று போவதாக என்னிடம் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டார். கல்யாண நாளன்று தெருமுனையில் குழாய் போடத் தோண்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஜல்லி தெறித்துப் பெயின்ட் போய்விடும் என்று ஷட்டரைத் திறக்கவே இல்லை. ஆன்ட்டி அன்றைக்குச் சமைத்த பிரியாணியை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளத்தில் ஒருமுறை பட்ட பிறகு வந்தது. ஏரித் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தால் போதும், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் காரைக் கொண்டுபோய் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையை மேலே தூக்கி வைப்பார்கள். அந்த வருஷம் கார்த்திகை மழை மூன்று நாளாக விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் என் சின்னக் காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு தொப்பலாக நனைந்து திரும்பி வந்தேன். இவர் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வண்டிய எடுங்க. இன்னும் ஒரு மணி நேரம் போனா உங்க வண்டி உசரத்துக்கு ரோட்டுல போகவே முடியாது."

"பாலத்துல எப்படி தம்பி நிறுத்தறது? கவர் போட முடியாது. அந்தக் காத்துல கவர் பட்டு பட்டுன்னு அடிச்சே பெயின்ட்ட எடுத்துடும்."

"கவர் போடாதீங்க."

"போடாம, மழையிலயா?" என்னை அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது. "பக்கத்துல நிறுத்தறவன் கதவத் தொறந்து இடிப்பான். நான் எத்தன பாத்திருக்கேன். ஷெட்டு ரோட்டவிட ரெண்டடி ஒசரம். ஒண்ணும் வராது."

"சார், வெள்ளத்துல போன வண்டி எத்தனைக்கு நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீங்க?"

அதற்குள் ஆன்ட்டி வெளியே வந்தார். ஒரு பையில் துணிமணி, கையில் குடை. "ஏங்க, எடுங்க. நானும் வரேன். பாலத்துல விட்டுட்டு நடந்து வந்துடலாம்" என்றார். இந்தக் காலை வைத்துக்கொண்டு, அந்த மழையில், பாலத்திலிருந்து நடந்து வருகிறாராம். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஷட்டரைத் திறந்தார்.

தார்ப்பாயை அவிழ்த்தார். நாலு முடிச்சையும் நிதானமாக அவிழ்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். "சார், சும்மா உருவிப் போடுங்க" என்று நான் கையை வைத்ததற்கு, "தரையில படவிடாதீங்க, மண்ணு ஒட்டும்" என்றார். நடு கவர். ஃப்ளானல். மூன்றையும் மடித்து அலமாரியில் வைத்து முடிக்க முக்கால் மணி நேரம். வண்டியைக் கிளப்பி, கேட் வரைக்கும் கொண்டுவந்தார். ஆன்ட்டி ஏறுவதற்காகக் குடையை மடக்கினார். தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி, செம்மண் கரைந்து காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். ரிவர்ஸ் போட்டார்.

உள்ளே கொண்டுபோய், நனைந்திருந்த வண்டியைத் துடைத்து, மறுபடியும் மூன்றையும் போர்த்தினார். இந்த முறை தார்ப்பாயை அடிவரை இழுத்துக் கயிற்றால் சுற்றிக் கட்டினார், தண்ணீர் வந்தாலும் உள்ளே போகாதாம். நான் கத்திவிட்டேன். வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆன்ட்டி மட்டும் நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. தெருவில் போனமுறை புதிதாகத் தார் போட்டபோது ரோடு ஒன்றரை அடி உயர்ந்துவிட்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு பேரையும் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிவந்தோம். ஐந்து மணிக்கு ஷட்டரின் பாதி வரை தண்ணீர். உள்ளேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. வண்டி மிதந்துபோய் ஷட்டரிலும் சுவரிலும் மோதுகிற சத்தம். அவர் எங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின் பம்பர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இடது கதவு."

"விடுங்க சார்" என்றேன்.

"வலது ஹெட்லைட். கண்ணாடி போச்சு."

பார்க்காமலே வாயால் சர்வே எழுதிக்கொண்டிருந்தார் மனிதர். ஆன்ட்டி அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு என் மனைவியோடு அடுப்படிக்குப் போனார்.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளேயிருந்து சேறு கொட்டியது. தண்ணீர் எல்லாப் பக்கமும் வடிந்துவிட்டது, அந்தக் கவர்களுக்குள் மட்டும் வடியவில்லை. அவர் பழைய பேனாவும் அட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், யாரோ ஒருவருடைய வண்டியைப் பார்ப்பது போலச் சுற்றி வந்து பார்த்தார். "டோட்டல் லாஸ் தம்பி" என்றார். மறுநாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த இளைஞரும் அதையேதான் எழுதினார்.

வண்டியை வண்டலூர் பக்கம் ஒரு யார்டில் கொண்டுபோய் விடவேண்டும். ஏற்றிச் செல்கிற லாரி ஒரு வாரத்துக்குக் கிடைக்காது, ஊரில் அத்தனை வண்டி மூழ்கியிருந்தது. கடைசியில் ஒரு லோடு வண்டிக்காரர் கயிறு கட்டி இழுத்துப் போக ஒத்துக்கொண்டார்.

"ஸ்டேரிங்க யாராச்சும் பிடிச்சிக்கினு வரணும் சார். இல்லாங்காட்டி கண்ட பக்கம் ஓடிப்பூடும்" என்றார்.

சார் சீட்டில் பாலிதீன் தாளை விரித்து உட்கார்ந்தார். அப்போது ஆன்ட்டி வாசலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

"நானும் வரேன்."

"எங்கம்மா? உள்ள பூரா சேறு."

"தெரியுது. கூரையத் தொறங்க."

லோடு வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது, அந்தம்மா எதுக்கு? வண்டி நாறிகினு கீது" என்றார். சார் இறங்கி, துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் தட்டிக் கழற்றி, துணிக்கூரையைப் பின்னால் மடித்தார். மடிக்கும்போது அது கிழிந்தது. அவர் கிழிந்த இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆன்ட்டியை அந்தச் சீட்டில் இறக்கினோம். முட்டி மடங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "நாளைக்கே டாக்டருக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடுங்க" என்றார் அவரிடம்.

நான் கயிற்றைப் பார்த்துக்கொள்ள பைக்கில் பின்னால் போனேன். மேம்பாலத்தில் ஊர்க் கார்கள் எல்லாம் இன்னும் வரிசையாக நின்றன. மழையில் கழுவி, ஒன்றின்மேலும் ஒரு கவர் இல்லாமல், பளபளவென்று. காரை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டொருவர் போனில் படம் பிடித்தார்கள். சார் கயிற்றை மட்டும் பார்த்து ஓட்டினார். ஆன்ட்டி தலையை நிமிர்த்தி, பறக்கிற முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்கலாம் போல இருந்தது.

பாதிப் பாலத்தில் ஆன்ட்டி முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, மெதுவாப் போப்பா."

"பயப்படாத. கயிறு அறுந்தாலும் பிரேக் என் கால்லதான் இருக்கு" என்றார் சார்.

"பயமில்லங்க. பாலம் முடிஞ்சிடப்போகுது."

கொஞ்ச நேரத்தில் கயிறு விறைத்தது. லோடு வண்டி முக்கியது. வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார் பண்றே? பிரேக்குலேர்ந்து கால எடு, என் வண்டி இழுக்கமாட்டேங்குது" என்று கத்தினார்.

சார் காலை எடுக்கவில்லை.